தம்பியை ஊருக்கு அனுப்பலாமா? ஐந்து கிழமை போதைச் சிகிச்சை முடிந்து வந்திருக்கிறான்

கொக்குவில்_மூத்தவள் (ஸ்காபறோ)

இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று இரவு யோசித்தேன். ஸ்காபறோவில் எங்கள் ஆட்களுக்குள் எந்தக் கதையும் ஒரு கிழமைக்கு மேல் மறைந்து கிடக்காது. அதனால் தெரு, கோயில், பள்ளிக்கூடம் ஒன்றும் கேட்காதீர்கள்.

தம்பிக்கு 24 வயது. இரண்டரை வருடத்துக்கு முன் கிடங்கு வேலையில் பெட்டி அடுக்குச் சரிந்து காறை எலும்பு முறிந்தது. வைத்தியர் எழுதிக் கொடுத்த வலிக் குளிசை இரண்டு கிழமையில் முடிந்துவிட்டது. வலி முடியவில்லை. கூட்டாளி ஒருவன் "பேர்க்ஸ்" என்று நீலக் குளிசை கொடுத்திருக்கிறான். அது மருந்துக்கடைச் சாமானே இல்லை, ஃபென்டனில் என்ற கடும் போதை மருந்தை அச்சில் போட்டு அழுத்தியது என்று எங்களுக்குத் தெரிய வந்தபோது தம்பி காரையும் விற்றிருந்தான், அம்மாவின் இரண்டு காப்பையும் விற்றிருந்தான்.

ஐந்து கிழமை ஒரு சிகிச்சை நிலையத்தில் இருந்துவிட்டுப் போன ஞாயிறு வீட்டுக்கு வந்தான். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. அம்மா புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தா. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அம்மா அடுப்படிக்குப் போய் அழுதா.

இப்போது பிரச்சினை இதுதான். அப்பா அவனை ஆறு மாதம் ஊரில், யாழ்ப்பாணத்தில், சித்தப்பா வீட்டில் விடப்போகிறார். டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார். "இங்கே இருந்தால் அந்தப் பெடியள் தேடி வருவாங்கள், அங்கே போனால் எல்லாம் மறந்துபோகும்" என்கிறார். எனக்கும் அது சரி போலத்தான் இருந்தது. ஆனால் சிகிச்சை நிலையத்தில் ஒரு பெண் அவனை வெளியே விடும்போது என்னிடம், "இனிமேல்தான் கூடுதல் கவனம் தேவை, அளவு மிஞ்சி மூச்சு நின்றால் கொடுக்கிற மருந்து நலொக்ஸோன், அதை வீட்டில் வைத்திருங்கள்" என்று சொன்னா. ஏன் என்று கேட்பதற்குள் அடுத்த குடும்பம் வந்துவிட்டது. கையில் தந்தது ஒரு கோப்பு. அதில் யோகா வகுப்பு நேர அட்டவணைகூட இருக்கிறது, நலொக்ஸோன் இல்லை.

சுகமாகி வந்தவனுக்கு ஏன் இப்போது ஆபத்து அதிகம்? முன்பு தினமும் எடுத்தபோது சாகாதவன் இப்போது ஏன் சாகவேண்டும்? யாராவது விளங்கிக்கொள்ளக்கூடிய மாதிரிச் சொல்லுங்கள். அந்த நலொக்ஸோன் பெட்டியை வீட்டில் வைத்தால், "நீ திரும்பவும் செய்வாய் என்று எங்களுக்குத் தெரியும்" என்று அவன் முகத்துக்கு நேரே சொல்வது போல இருக்கும் என்று அம்மா பயப்படுகிறா. அப்பாவோ, அரசாங்கம் ஊசியும் அதை ஏற்ற இடமும் கொடுத்துத்தான் பிள்ளைகளைக் கெடுத்தது என்று ஒவ்வொரு இரவும் சாப்பாட்டு மேசையில் பேச்சு. தம்பி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறான்.

*

மருந்துக்கடைக்காரன் (ரொறன்ரோ)

தங்கச்சி, நான் 11 வருடமாக ஒரு மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன். காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால் முதலில் வருகிறவர்கள், இந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகக் கொடுக்கிற மெதடோன் குடிக்க வருகிறவர்கள். தோடம்பழச் சுவைப் பானத்தில் கலந்து 100 மில்லி, என் கண்முன்னே குடிக்கவேண்டும். அதில் எங்கள் தமிழ்ப் பெடியளும் இருக்கிறார்கள். அவர்கள் வெளியே யாராவது தெரிந்தவர் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு உள்ளே வருவார்கள்.

உங்கள் கேள்விக்கு அந்தக் கவுண்டரில் இருந்தே பதில் சொல்கிறேன். மெதடோனுக்கு வருகிற ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து வராமல் நான்காம் நாள் வந்தால், பழைய அளவை நாங்கள் அப்படியே ஊற்றிக் கொடுப்பதில்லை. மருத்துவரை அழைக்கவேண்டும், அளவைக் குறைக்கவேண்டி வரும். மூன்று நாள்தான், தங்கச்சி. உங்கள் தம்பி 35 நாள் எடுக்காமல் இருந்திருக்கிறான்.

நடப்பது இதுதான். ஃபென்டனில், ஹெராயின், மெதடோன் என்ற இந்த வகை மருந்து மூளையில் மியூ என்ற ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். அவைதான் வலியைக் குறைப்பது, சுகம் தருவது, மூச்சை மெதுவாக்குவதும் அவையே. தினமும் எடுத்தால் அந்த ஏற்பிகள் மரத்துப்போகும். நேற்று ஒன்று போதும் என்றால் இன்று இரண்டு வேண்டும். இதைத் தாங்குதிறன் என்பார்கள். இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. சுகத்துக்கான தாங்குதிறன் கெதியாக ஏறும், மூச்சுக்கான தாங்குதிறன் மெல்லத்தான் ஏறும், முழுதாக ஏறாது. அதனால் தினமும் எடுக்கிறவனும் விளிம்பில்தான் நடக்கிறான். நிறுத்தினால் சில நாளிலேயே அந்தத் தாங்குதிறன் இறங்கத் தொடங்கும். சில கிழமையில் பெரும்பகுதி போய்விடும். உடம்பு மறந்துவிடும், ஆனால் கை மறக்காது. "நான் வழமையாக எடுப்பது இவ்வளவு" என்ற கணக்கு மனதில் அப்படியே இருக்கும். ஒரு கெட்ட இரவில் அந்தப் பழைய கணக்கை எடுத்தால், அது இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவன் உடம்பில் போய் விழுகிறது.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளியே வந்த 30,000 பேருக்கு மேல் கணக்கெடுத்து 2007ல் ஓர் ஆய்வு வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு கிழமையில் ஓவர்டோஸால் இறக்கும் ஆபத்து, அந்த மாநிலத்தின் மற்றவர்களைவிட அவர்களுக்கு 129 மடங்கு. அந்தப் பெண் உங்களிடம் அவசரத்தில் சொன்னது இதைத்தான்.

அப்புறம் இன்னொன்று. எங்களுக்குப் பக்கத்தில் ஹமில்டனில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1982ல் எலிகளை வைத்துச் செய்த சோதனை. ஹெராயினுக்குப் பழக்கிய எலிகளுக்குப் பெரிய அளவு ஒன்றை ஏற்றினார்கள். பழகிய அதே அறையில் ஏற்றியபோது கிட்டத்தட்ட 32 விழுக்காடு செத்தன. அதே அளவை வேறு அறையில் ஏற்றியபோது 64 விழுக்காடு. இடம் மாறினால் உடம்பு முன்கூட்டியே தயாராவதில்லை. அதாவது தாங்குதிறனில் ஒரு பகுதி சுவரிலும் கட்டிலிலும் இருக்கிறது.

இப்போது ஊர் விஷயம். ஆறு மாதம் அவன் கொக்குவிலில் சுத்தமாக இருந்தான் என்றே வைத்துக்கொள்வோம். திரும்பிப் பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்கும் நாளில் அவனுக்குத் தாங்குதிறன் ஒரு துளியும் இராது. கைபேசியில் பழைய எண்கள் இருக்கும். அப்பா நினைப்பது போல ஊர் மறதியைத் தரும்தான், ஆனால் தவறான பக்கத்தில் தரும். அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவன் இப்போது சிகிச்சை மருந்தில் இருக்கிறானா? புப்ரெனோர்ஃபின், மெதடோன் இரண்டில் ஒன்று? அதை எழுதவில்லையே நீங்கள்.

நலொக்ஸோன் பற்றி: ஒன்ராறியோவில் மருந்துக்கடையில் போய்க் கேளுங்கள், காசு இல்லை. மூக்கில் அடிப்பது என்று கேளுங்கள். பெட்டிக்குள் இரண்டு இருக்கும். ஒன்றில் ஒரு தடவைக்குத்தான் மருந்து, வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்க்காதீர்கள், வீணாகிவிடும். குளிர்காலத்தில் காரில் விட்டுவிடாதீர்கள், உறைந்துவிடும்.

முக்கியமான விஷயம் குறட்டை. எங்கள் வீடுகளில் பிள்ளை குறட்டை விட்டால் நல்ல நித்திரை என்று கதவைச் சாத்திவிடுவோம். கொர்ர் என்று இழுத்து, இடையில் நின்று, பிறகு திரும்ப இழுக்கிற, தொண்டையில் தண்ணீர் கொதிப்பது போன்ற சத்தம் என்றால் அது நித்திரை இல்லை. எங்கள் நிறத்தில் உதடு நீலமாகத் தெரியாது, சாம்பல் படிந்த மாதிரி இருக்கும். நகக்கண்ணைப் பாருங்கள், பல் முரசைப் பாருங்கள். கண்மணி ஊசிமுனை போலச் சிறுத்திருக்கும். நெஞ்செலும்பில் கைவிரல் முட்டியால் அழுத்தித் தேயுங்கள். எழும்பவில்லையா, 911. ஒரு பக்க மூக்கில் ஒன்று அடியுங்கள். மூச்சு இல்லை என்றால் தலையைப் பின்னால் சாய்த்து வாயோடு வாய் வைத்து ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஊதுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அசைவில்லை என்றால் மற்றப் பக்க மூக்கில் இரண்டாவது. எழும்பிவிட்டான் என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நலொக்ஸோன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரைதான் நிற்கும். அது இறங்கியதும் உள்ளே இருக்கும் ஃபென்டனில் திரும்ப மூச்சை அமுக்கலாம். வேறு எதனாலோ மயங்கியிருந்தாலும் நலொக்ஸோனால் கெடுதல் இல்லை, அதனால் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

*

லொறிமாமா (சரே, பிரிட்டிஷ் கொலம்பியா)

பிள்ளை, உன் அப்பாவை இங்கே ஆரும் குறைசொல்லக் கூடாது. நான் 19 வருடம் வன்கூவர் துறைமுகத்துக்கு லொறி ஓட்டினவன். ஹேஸ்டிங்ஸ் தெருவால் போகும்போது இடுப்பு மடிந்து தலை முழங்காலில் தொட நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஆரோ பெற்ற பிள்ளை. 2003ல் அங்கே மேற்பார்வையோடு ஊசி ஏற்றுகிற இடம் திறந்தார்கள். 2016ல் மாகாணம் பொதுச் சுகாதார அவசர நிலை என்று அறிவித்தது. 2023 ஜனவரி 31லிருந்து இரண்டரை கிராம் வரைக்கும் போதைப்பொருள் வைத்திருந்தால் பிடிக்கமாட்டோம் என்றார்கள். அந்த வருடமே மாகாணத்தில் ஓவர்டோஸால் 2,500 பேருக்கு மேல் செத்தார்கள். பேருந்து நிலையத்திலும் பிள்ளைகள் விளையாடுகிற பூங்காவிலும் புகைக்கத் தொடங்கினார்கள். 2024 மே மாதம் பொது இடத்தில் கூடாது என்று அதே அரசாங்கம் திரும்ப மாற்றினது. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலமும் அப்படியே, 2021ல் விட்டார்கள், 2024 செப்டம்பரில் திரும்பக் குற்றமாக்கினார்கள். இதெல்லாம் நடந்த பிறகும் "சீர்திருத்தம்" என்று கதைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். இரண்டு வருடம் கட்டாயமாகப் பூட்டி வைத்துச் சுகப்படுத்தினால் என்ன?

பெட்டியை வாங்கி வை. அதில் மாற்றுக் கருத்து இல்லை.

*

மருந்துக்கடைக்காரன்

மாமா, நீங்கள் சொன்ன திகதிகள் எல்லாம் சரி. பூங்கா விஷயத்திலும் நான் உங்களோடு நிற்கிறேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற தாய்க்குப் பயமில்லாமல் இருக்கவேண்டும். இதை மறுக்கிற சீர்திருத்தக்காரர்களால்தான் பாதி வெறுப்பு.

ஆனால் ஒன்று பாருங்கள். இரண்டரை கிராமுக்கு வழக்கில்லை என்று விட்டபோதும், அந்தப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பது மாறவில்லை. ஹெராயினைவிட ஃபென்டனில் ஏறக்குறைய 50 மடங்கு வீரியம். அதோடு நித்திரைக் குளிசை வகையும், மாட்டு வைத்தியர் பாவிக்கிற மயக்க மருந்தும் கலக்கிறார்கள், அவற்றுக்கு நலொக்ஸோன் வேலை செய்யாது. பிடித்தாலும் விட்டாலும் பொட்டலம் அதேதான். ஒரிகனில் ஃபென்டனில் வந்து பரவிய காலத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த ஆய்வில், சட்டத்துக்கும் சாவுக்கும் தொடர்பு காணவில்லை. அதைச் சேர்க்காமல் பார்த்த ஆய்வில் சாவு கூடியதாகத் தெரிந்தது. எந்த ஆய்வைத் தூக்கிப் பிடிப்பது என்பது அவரவர் கட்சியைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது. போர்த்துக்கலில் 2001லிருந்து பத்து நாள் பாவனைக்கான அளவுக்குச் சிறையில்லை. ஆனால் அங்கே பிடிபட்டவனை ஒரு குழுவின் முன் உட்கார வைத்தார்கள், சிகிச்சைக்குக் கட்டில் இருந்தது, மெதடோன் வான் இருந்தது. இங்கே சட்டத்தை மாற்றினோம், கட்டிலுக்குக் காத்திருப்போர் பட்டியலைக் கொடுத்தோம்.

நான் எந்தக் கட்சிக்காரரைக் கண்டாலும் ஒரே கேள்விதான் கேட்பேன்: உங்கள் திட்டத்தில் கதவு திறந்த பிறகு வரும் இரண்டு கிழமைக்கு என்ன இருக்கிறது? நீங்கள் சொல்கிற கட்டாயப் பூட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அல்பேர்ட்டா 2025ல் அதற்குச் சட்டமே கொண்டுவந்துவிட்டது. இரண்டு வருடம் பூட்டுங்கள், சரி. திறக்கிற அன்று அவன் தாங்குதிறன் பூச்சியம். கையில் மாதம் ஒருமுறை போடுகிற புப்ரெனோர்ஃபின் ஊசி இருக்கிறதா, பையில் நலொக்ஸோன் இருக்கிறதா, அன்றிரவு போய்ப் படுக்க இடம் இருக்கிறதா? இல்லையென்றால் பூட்டியதே ஆபத்து. ஊசி இடம் மூடுகிறவர்களிடமும் இதே கேள்வி. ஒன்ராறியோவில் பள்ளிக்கூடத்துக்கும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கும் 200 மீற்றருக்குள் இருந்தால் மூடவேண்டும் என்று 2024ல் அறிவித்து, 2025 மார்ச் இறுதி வரை தவணை கொடுத்தார்கள். இடத்தை மாற்றவேண்டும் என்றால் மாற்றட்டும். அங்கே மட்டுமே யாராவது பக்கத்தில் இருக்க எடுத்தவன் ஏப்ரல் மாதம் எங்கே போனான்? கழிவறைக்குத்தான். ஹேஸ்டிங்ஸ் தெரு இடத்துக்குள்ளே ஓவர்டோஸ் ஆயிரக்கணக்கில் நடந்தது, ஒருவரும் சாகவில்லை. ஏனென்றால் பக்கத்தில் ஒரு தாதி நின்றா. அவ்வளவுதான் அதன் மந்திரம்.

தங்கச்சி, அப்பாவுக்கு ஒன்று சொல்லுங்கள். 2017 மே மாதத்திலிருந்து கனடாவில் ஒரு சட்டம் இருக்கிறது. ஓவர்டோஸ் என்று 911 அடித்தால், அடித்தவர் மீதும் விழுந்து கிடப்பவர் மீதும் மருந்து வைத்திருந்ததற்கு வழக்குப் போட முடியாது. விற்றதற்கும் வேறு பிடியாணைக்கும் அது உதவாது. எங்கள் ஆட்கள் பொலிஸுக்குப் பயந்து முதலில் ஒன்றுவிட்ட அண்ணனுக்குப் போன் எடுப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் மூளை செத்துவிடும்.

*

பெயர்_வேண்டாம்

என்னை ஊருக்கு அனுப்பினார்கள். 2018. ஏழு மாதம்.

சாவகச்சேரிப் பக்கம் மாமி வீடு. முதல் கிழமை வியர்வை, வயிற்றோட்டம், கால் உதறல். மாமி மல்லித் தண்ணீர் வைத்துத் தந்தா, காய்ச்சல் என்று நினைத்தா. பிறகு நன்றாகத்தான் இருந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன், கிணற்றில் குளித்தேன், ஒன்பது கிலோ கூடினேன். ஊரில் கிடைக்காது என்று அப்பா நினைத்தார். மூன்றாம் கிழமையே சந்தியில் ஒருவன் "தூள் வேணுமா" என்று கேட்டான். நான் எடுக்கவில்லை. மாமியின் முகத்துக்காக என்று சொல்லலாம். கந்தக்காட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும்தான். இராணுவம் பார்க்கிற அந்தப் போதை மறுவாழ்வு நிலையத்தில் 2022ல் ஒருவர் செத்து, கலவரமாகி, நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடியது செய்தியில் வந்ததே, அதுதான்.

திரும்பி வந்து எட்டாம் நாள். நான் முட்டாள் இல்லை, பழைய அளவில் பாதிதான் எடுத்தேன். பாதி என்பது பாதுகாப்பு என்று நினைத்தேன். கூட்டாளியின் பேஸ்மென்ட் கழிவறை, அதற்கு முன் அங்கே ஒருமுறையும் எடுத்ததில்லை. மருந்துக்கடை அண்ணா சொன்ன எலிக் கதை எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். வாசித்தபோது வயிறு புரண்டது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்ததால் கூட்டாளியின் காதலி கதவை உடைத்தா. அவ கைப்பையில் இரண்டு நலொக்ஸோன் வைத்திருந்தா. இரண்டும் முடிந்தது. எழும்பியதும் நான் அவவைத் தூஷணத்தால் ஏசினேன். உடம்பு முழுக்கத் தோலை உரித்த மாதிரி இருந்தது.

அதன் பிறகு மெதடோன். இப்போது ஆறு வருடம். ஊர் எனக்குப் பிடிக்கும், போன மார்கழியும் போனேன். ஆனால் மருந்தோடு போனேன், வைத்தியரின் கடிதத்தோடு, கடையில் முன்கூட்டியே கேட்டு ஒழுங்குசெய்து.

அக்கா, அந்தப் பெட்டியை உங்கள் தம்பிக்குத் தெரியாமல் ஒளித்து வைக்காதீர்கள். எங்கே இருக்கிறது என்று அவனுக்கும் தெரியவேண்டும். அவன் கூட்டாளிக்கு ஒரு நாள் அது தேவைப்படலாம். தனக்காக என்றால் வெட்கப்படுவான், மற்றவனுக்காக என்றால் வாங்கிக்கொள்வான்.

*

கொக்குவில்_மூத்தவள்

எல்லோருக்கும் நன்றி. மாமா, உங்களுக்கும்தான். உங்கள் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டித்தான் அவரை உட்கார வைத்தேன், அதற்குப் பிறகு மற்றவற்றையும் வாசித்தேன்.

மருந்துக்கடை அண்ணா கேட்டதற்கு: இல்லை, எந்த மருந்தும் இல்லாமல்தான் அனுப்பியிருக்கிறார்கள். தம்பியும் "இன்னொன்றில் மாட்டமாட்டேன்" என்று வேண்டாம் என்றானாம். பெயர்_வேண்டாம் எழுதியதை அவனிடம் கைபேசியில் காட்டினேன். இரண்டு முறை வாசித்தான். ஒன்றும் சொல்லவில்லை. இரவு பதினொரு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டி, "அந்த மாத ஊசிக்கு எங்கே போகவேணும்?" என்று கேட்டான். வியாழன் காலை பத்தேகாலுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. டிக்கெட்டை அப்பா நிறுத்தி வைத்திருக்கிறார், கைவிடவில்லை.

பெட்டி வாங்கியாகிவிட்டது. இரண்டு வாங்கினேன், ஒன்று தம்பியின் பைக்குள். மற்றதை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. அம்மா முதலில் அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்தா. பிறகு சாமி அறையில் வைக்கலாமா என்று கேட்டா, "அங்கே என்றால் ஒருவரும் கை வைக்கமாட்டினம்." கை வைக்கத்தானே அம்மா வாங்கினது என்றேன். கடைசியில் மாடிப்படிக்குக் கீழே, தம்பியின் அறைக்கும் கழிவறைக்கும் நடுவில், குளிர்ச்சட்டை மாட்டுகிற கொக்கியில் தொங்குகிறது.

நேற்றுத் தலையணையை வைத்து எல்லோரும் பழகிப் பார்த்தோம். தம்பிதான் காட்டித் தந்தான், சிகிச்சை நிலையத்தில் ஒரு வீடியோ போட்டார்களாம். அப்பா தலையணையின் நெஞ்செலும்பு எங்கே என்று கேட்டார். தம்பி சிரித்துவிட்டான்.